காலைச் சுற்றும் ஒரு ஜாபிதாவும்

புனே நகரின் மேற்கு ஓரத்திலுள்ள பாணேர் முன்பு ஒரு குன்றின் அடிவாரக் கிராமம். இன்று அங்கே பெரிய மருத்துவமனைகள் எழுந்துள்ளன. அங்காயினும் வேறெங்காயினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றைய வேலை உருப்பெறுவது டாக்டர்களும் நர்சுகளும் படுக்கைதோறும் நின்று நோயாளியைப் பார்வையிடும் காலைச் சுற்றில்தான்.

இச்சுற்றில் மறக்கப்படுபவை பெரும்பாலும் அரிய விஷயங்கள் அல்ல, சாதாரணக் காரியங்களே. ஆகவே 2005-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகர டாக்டர் ழான் லூயி வின்சென்ட், நாள்தோறும் கேட்க வேண்டிய ஏழு விஷயங்களைத் தொகுத்துக் கூறினார். உணவு செல்கிறதா? வலி தணிந்துள்ளதா? மயக்க மருந்து அளவுடன் உள்ளதா? நாளங்களில் இரத்தம் உறையாதிருக்க வழி செய்யப்பட்டதா? கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டுள்ளதா? இரைப்பையில் புண் உண்டாகாமல் காக்கப்படுகிறதா? இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் உள்ளதா? தலைப்பக்கத்தை உயர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் சுவாசக் கருவியிலுள்ள நோயாளியின் இரைப்பைநீர் நுரையீரலுக்குள் புகுவதை அது குறைக்கிறது.

மறதி மட்டுமே குறை என்பதற்கில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிக்கு அன்று செய்ய வேண்டியது யாது என்று நர்சுகளையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டபோது, பத்தில் ஒருவர்கூடத் தெளிவாக அறிந்திருக்கவில்லை. சுற்று நடந்தது, பேச்சும் நடந்தது, செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை! அன்றைய நோக்கங்களை ஒரு தாளில் எழுதி வைக்கத் தொடங்கியபின் 95 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் அறிந்திருந்தனர்.

தாள் இருந்தால் போதுமா? சிகாகோவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் இரு குழுக்களுக்கும் ஒரே ஜாபிதா அளிக்கப்பட்டது. ஒரு குழுவுடன் மட்டும், விடுபட்டதை நினைவூட்டவென்றே ஒரு டாக்டர் சென்றார். அக்குழுவின் நோயாளிகளிடையே மரணம் குறைவாக இருந்தது. ஆனால் இது ஒரே மருத்துவமனையின் அனுபவம். பிரேசில் நாட்டின் 118 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஜாபிதாவுடன் நினைவூட்டலும் சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டது. 2016-இல் வெளியான முடிவின்படி சில சிகிச்சை முறைகள் சீர்பட்டன. மருத்துவமனை மரணமோ ஜாபிதா உள்ள பிரிவுகளில் 32.9 சதவீதம், இல்லாதவற்றில் 34.8 சதவீதம், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே.

நமது நாட்டிலும் இத்தகைய பாடம் கிடைத்துள்ளது. அது பிரசவ அறையில் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தின் 120 சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பாதி நிலையங்களுக்குப் பாதுகாப்பான பிரசவ ஜாபிதாவும், அதைப் பழக்க நேரில் வரும் பயிற்றுநர்களும் கிடைத்தனர். இரண்டாம் மாதத்தில் அங்கே செய்ய வேண்டிய காரியங்களில் 72.8 சதவீதம் நிறைவேறின; மற்ற நிலையங்களில் 41.7 சதவீதமே. ஆயினும் சிசு மரணம் குறையவில்லை. கை கழுவுவதை ஜாபிதா நினைவூட்டும். மூச்சு விடாத சிசுவை உயிர்ப்பிக்கும் திறனையோ, மருந்தையோ, நள்ளிரவில் வண்டியையோ அது தந்துவிடாது என்பதே எமது கருத்து. அந்நிலையங்களில் பயிற்றுநர்களின் வருகை எட்டு மாதங்களில் முடிவுற்றது. பன்னிரண்டாம் மாதத்தில் பார்த்தபோது, ஜாபிதா அங்கேயே இருந்தும், 72.8 சதவீதம் 61.7 ஆகக் குறைந்திருந்தது.