உருண்டை அடுப்புக்குக் கணபதியில் உதிரி

கரி போட்டு இறைச்சி வாட்டும் பழைய அமெரிக்க உருண்டை அடுப்புக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கோயமுத்தூரில் விசாரித்தால் முதலில் வரும் பதில், "அது என்னதுங்க?" கொஞ்சம் விளக்கிச் சொன்னால் அடுத்த பதில், "அளவு கொண்டு வாங்க, பண்ணிக்கலாம்." அந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு விலைக்கு வந்தது. கறுப்பு எனாமல் கிண்ணம், அதே அகலத்தில் மூடி. மேல் கம்பித் தட்டு பாதி துரு. கரி கிடக்க வேண்டிய அடித்தட்டைக் காணவே காணோம். மூன்று காலில் ஒன்று குறைவு.

இந்த அடுப்பு பிறந்ததே ஒரு பட்டறையில்தான். 1952இல் சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் மிதவைகளுக்காக அங்கே செய்துவந்த அரைக்கோளங்களை எடுத்து ஒன்றைக் கிண்ணமாக்கினார், இன்னொன்றை மூடியாக்கினார். அடியில் உள்ள துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும், மூடியில் உள்ள துளை வழியாகப் புகை வெளியேறும். எல்லாத் துளைகளையும் அடைத்தால் தீ தானாக அவியும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். கரியை மிச்சம் பிடிக்கிற அடுப்பு என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காமலா போகும்?

வயதைக் கண்டுபிடிக்க மூடியில் இருக்கும் காற்றுத் தகட்டைப் பாருங்கள். 1979 முதல் அதில் ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் உதிரி தேடுகிறவருக்கு வயதைவிட விட்டம்தான் முக்கியம். பெரிய கிண்ணம் 22½ அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர். பல பத்தாண்டுகளாக அந்த அளவு மாறவில்லை. அதனால் இந்தியாவில் இன்று விற்கும் 57 செ.மீ. வெபர் மாடலின் கம்பித் தட்டு பழைய கிண்ணத்திலும் உட்காரும். மேல் தட்டு ஏறக்குறைய 21½ அங்குலம், அடித்தட்டு 17 அங்குலம்.

பிறகு எதற்குக் கோயமுத்தூரின் கணபதி பகுதிப் பட்டறை என்றால், கரிக்காகத்தான். அமெரிக்கர்கள் போடுவது அழுத்திச் செய்த கட்டிக் கரி. நாம் போடுவது காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துத் தொட்டிக்கரி. தேங்காய்த் தொட்டி சுட்ட கரி மெல்லிசாக, சில்லு சில்லாக இருக்கும். வெளிநாட்டுத் தட்டின் கம்பி இடைவெளியில் பாதிக் கரி எரியும் முன்பே சாம்பலோடு சேர்ந்து விழுந்துவிடும். கம்பிகளை நெருக்கி நமக்கென்று ஒரு தட்டு செய்துகொண்டால் அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கம்பெனி உதிரியைவிடக் கணபதி உதிரி மேல் என்று அடித்துச் சொல்வேன்.

நான் ஒரு பம்பு கம்பெனியின் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்தவன். அதனால் தட்டை வார்ப்பிரும்பில் ஊற்றிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே ஒரு தட்டுக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, மண் அச்சு எடுத்து, உலையில் இடம் கேட்டால் பவுண்டரிக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கம்பி வெட்டி ஆர்கான் வெல்டிங் வைப்பதே சரி.

பட்டறைத் தம்பி கேட்டார்: "ஏனுங்ணா, 202 கம்பி போட்டாப் போதுமுங்களா? வெலை கம்மிங்க."

"வேண்டாந் தம்பி, 304 போடு."

இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகங்கள், பார்வைக்கு இரண்டும் பளபளப்புதான். 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள்; சூட்டிலும் ஈரத்திலும் அது சீக்கிரம் துருவேறும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலுமே அது சரியாக ஒட்டாது. சொட்டு ரசாயனம் விட்டு நிறம் பார்க்கிற கடையில் கம்பி வாங்குங்கள்.

துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும். கனன்ற கரியின் சூடு அதைவிட மிக அதிகம். துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும், அதன்மேல் வாட்டிய கோழியும் விஷம்தான்.

அடித்தட்டை அளவுக்குச் சரியாகச் செய்யச் சொல்லாதீர்கள். சூடேறும்போது 17 அங்குலத் தட்டு நான்கைந்து மில்லிமீட்டர் விரியும். இறுக்கமாக இருந்தால் வளைந்து எழும்பும், அல்லது கிண்ணத்தின் எனாமலைக் கீறும். கால் இங்கே பெரிய விஷயமே இல்லை. கிண்ணத்தில் கால் செருகும் குழியை வெர்னியரில் அளந்துகொண்டு போனால் எடைக்கு அலுமினியக் குழாய் வாங்கலாம். மரக் கைப்பிடிக்கு எந்தத் தச்சரும் போதும். அடியில் காற்றைத் திறந்து மூடும் தகடுதான் கவனம் கேட்பது. அது சரியாக அடைக்காவிட்டால் தீ அவியாது, கரி முழுதும் வீண். பழைய தகட்டைக் காகிதத்தில் வரைந்து, வளைவு பார்த்து, மெல்லிய ஸ்டீல் ஷீட்டில் லேசர் கட்டிங் செய்யலாம். ஆணிக்குப் பதில் ஸ்டீல் போல்ட்டும் இரட்டை நட்டும் போதும்.

ஒற்றை உதிரிக்கு இவ்வளவு மெனக்கெடுகிற ஊர் இப்படி ஆனதற்குக் காரணம் ஆலைகள். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. சீமையிலிருந்து வந்த எந்திரத்தில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா? பார்த்து அதேபோல் செய்யும் கை அப்படிப் பழகியது.

அந்தக் கைக்கும் ஆகாத வேலை ஒன்று உண்டு, எனாமல். கண்ணாடித் தூளை எஃகின்மேல் 800 டிகிரி வாக்கில் உருக்கிப் படியவைத்தது அது. கிண்ணத்தில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள எனாமல் வெடித்து உதிரும், அடுத்த மழைக்காலத்தில் அங்கிருந்தே துரு தொடங்கும். விளிம்பில் சின்னச் சின்ன உதிர்வு இருந்தால் பரவாயில்லை.

ஆகவே உக்கடம் பழைய இரும்புக் கடையிலோ மலைப் பங்களா ஏலத்திலோ இப்படி ஒரு அடுப்பைக் கண்டால் தட்டு இல்லையே, கால் இல்லையே என்று தயங்காதீர்கள். டார்ச் அடித்து, சாம்பல் தேங்கும் அடிப்பகுதியை மட்டும் பாருங்கள். அங்கே துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.