பனிமலைக்குப் பனியன் வேண்டாம்

மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் ஜனவரியில் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போகிறானாம். சம்பிகே ரோட்டில் இருப்பதிலேயே கனமான ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்கிவிட்டார். உள்ளே போட்டுக்கொள்ள அரை டஜன் திருப்பூர் பனியன். "இது போதுமா, இன்னும் கனமாக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

கனம் இருக்கட்டும் அம்மா. முதலில் அந்தப் பனியன்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். மங்கி கேப்போடு சாங்கி ஏரியைச் சுற்றுகிற நமக்குக் குளிர் என்றால் ஊதற்காற்று, அவ்வளவே. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்னும் கேபிள் கார் அஃபர்வாட் மலைச்சரிவில் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஏறி இறங்குவதற்குள் எட்டு டிகிரி போயிற்று.

ஆனால் புதிதாகக் கற்பவரை நடுங்கவைப்பது பெரும்பாலும் அவருடைய சொந்த வியர்வைதான். ஆரம்பப் பாடத்தில் சறுக்குகிற நேரம் கொஞ்சம். விழுந்து, எழுந்து, பலகைகளைப் பக்கவாட்டில் வைத்து மேடேறுகிற நேரம் அதிகம். உடம்பு கொதிக்கும். பிறகு தன் முறை வரும்வரை நிற்க வேண்டும். அப்போதுதான் பருத்தி காலை வாரும். குடித்த வியர்வையை அது லேசில் விடாது. அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். எங்கள் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே வித்தை. ஈரப் பனியனுக்குள் இருப்பவன் பானைத் தண்ணீர். திருப்பூர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயிலுக்கு அதைவிட உத்தமமான உடுப்பு ஏது?

உடம்பை ஒட்டி மெல்லிய பாலியெஸ்டர் அல்லது நுண்கம்பளி. அதற்கு மேல் ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் பனியையும் தடுக்கும் லேசான மேலுறை. சூடு காப்பது துணியல்ல, துணிகளுக்கிடையே சிக்கிய காற்று. மேடேறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது மாட்டலாம். ஒரே கனத்த ஜாக்கெட்டில் இந்த வசதி கிடையாது: போட்டால் புழுங்கும், கழற்றினால் விறைக்கும்.

நான் சொல்ல ஆசைப்படுவது கம்பளியைப் பற்றி. ஆட்டுமயிரின் மேற்புறம் செதில் செதிலாக, நீர்த்துளி ஒட்டாதபடி இருக்கும். உள்ளே இருக்கும் புரதமோ நீராவிக்கு அலையும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் அத்தனை ஈரமாகத் தெரியாது. வேடிக்கை அதோடு முடியவில்லை. நீராவி புரதத்தோடு பிணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது; அதாவது ஈரம் ஏற ஏறக் கம்பளி சூடாகிறது! இரண்டு வெப்பமானிகளில் ஒன்றை நன்றாகக் காய்ந்த கம்பளியிலும் மற்றதைப் பாலியெஸ்டரிலும் சுற்றி, நீராவி நிறைந்த குளியலறையில் வைத்துப் பாருங்கள். கம்பளிக்குள் இருப்பது மற்றதை முந்திக்கொண்டு ஏறும். இது இனாம் அல்ல. காயும்போது அந்தச் சூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் மெதுவாக வாங்குவதால் உடம்புக்கு உறைப்பதில்லை.

இந்த அற்புதம் ஆஸ்திரேலிய மெரினோ ஆட்டுக்கு மட்டும் உரியதல்ல. சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே கம்பளிக்கும் உண்டு. தக்காண ஆட்டு மயிரில், புளியங்கொட்டைப் பசை ஏற்றி, குருபர் என்னும் மேய்ப்பர் சமூகத்தார் நெய்யும் முரட்டுக் கம்பளி அது. மழையில் மந்தையோடு நிற்கும் மேய்ப்பருக்கு அதுவே குடை, அதுவே படுக்கை. உடம்பை ஒட்டி அணிய முடியாது, அரிக்கும். நுண்கம்பளிக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. ஆனாலும் தக்காண ஆட்டின் மயிருக்கு இன்று கேட்பாரில்லை. கத்தரிக்கும் கூலிகூடத் திரும்பாமல், வெட்டிய இடத்திலேயே கொட்டிவிட்டுப் போகும் மேய்ப்பர்கள் உண்டு. நாமோ பதினெட்டு டிகிரியில் வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு மசால் தோசைக்கு வரிசையில் நிற்கிறோம். இறகும் நல்ல சரக்குதான். நனைந்தால் மட்டும் கட்டிதட்டி உபயோகமற்றுப் போகும்.

ஆகவே அம்மா, கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார் என்றால் அந்த ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, நுண்கம்பளி உள்ளாடை இரண்டு வாங்குங்கள். காலுறையும் கம்பளியே, ஒரு ஜோடி போதும், இரண்டைத் திணித்தால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் தடைப்படும். திரும்பி வந்ததும் அவற்றை வெந்நீரில் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிடாதீர்கள். செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால், மகனுக்கு வாங்கியது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் பொருந்தும்.