உட்கார ஓர் இடம்

கட்டடக் கலைஞர் என்று என்னை அறிமுகம் செய்துகொண்டால், பலரும் முதலில் கேட்பது, “நீங்கள் வரைந்ததிலேயே உயரமான கட்டடம் எது?” என்பதுதான். என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் செய்தவற்றில் பெரும்பாலானவை நான்கு மாடியைத் தாண்டாதவை. மூத்தோர் நிலையங்கள், மருந்தகங்கள், பாலர் பள்ளிகள், பழைய கடைவீடுகளின் சீரமைப்பு வேலைகள். ஒரு கட்டடத்தை மதிப்பிட நான் வைத்திருக்கும் கேள்வியும் எளியது. அங்கே எந்த வேலையும் இல்லாத ஒருவர் வந்தால், அவர் உட்கார ஓர் இடம் இருக்கிறதா?

மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பு என்று இதைக் கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். எனக்கு அது பாடப்புத்தகத்துக்கு முன்பே, எங்கள் புளோக்கின் மாடிப்படியில் அறிமுகமாகிவிட்டது.

பதினாறு படிகள்

நான் வளர்ந்தது ஒரு பழைய வீவக புளோக்கின் ஏழாவது மாடியில். அந்தக் காலத்துப் புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. எங்களுக்கு அருகில் அது நின்றது ஆறாவது மாடியில். இடையில் 16 படிகள். பள்ளிக்கு ஓடும் எனக்கு அது நான்கு தாவல். மூட்டுவலிக்காரரான என் பாட்டிக்கு அது மலை.

கீழ்த்தளத்தில் சிமெண்ட் மேசைகள் இருந்தன. மாலை நேரத்தில் பாட்டியின் தோழிகள் அங்கே கூடுவார்கள். ஒரு மலாய் மக்சிக்கும் வந்து சேர்ந்துகொள்வார். அரைகுறைத் தமிழும் அரைகுறை மலாயுமாகப் பேச்சு நடக்கும். முதலில் தினமும் இறங்கிய பாட்டி, பிறகு வாரம் ஒருமுறை இறங்கினார். கடைசியில் தீபாவளிக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் என்று ஆனது. “எனக்கென்னப்பா, டிவி இருக்கு” என்பார்.

2001ஆம் ஆண்டு வீவக மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து எங்கள் புளோக்கிலும் மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நின்றது. அப்போது பாட்டி இல்லை. ஆனால், பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா இருந்தார். மாதக்கணக்கில் வெளியே வராதவர், மறுவாரமே கீழே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கத் தொடங்கினார். அவருடைய கால் குணமாகிவிடவில்லை. மாறியது கட்டடம் மட்டுமே. நாம் ஒருவருடைய இயலாமை என்று நினைப்பதில் பாதி, கட்டடத்தின் இயலாமை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம், வரைவாளராக மூன்று ஆண்டு வேலை, பிறகு பல்கலைக்கழகம், அதன்பின் பணி அனுபவம், தொழில்முறைத் தேர்வு என்று பதிவுபெற்ற கட்டடக் கலைஞராக எனக்குப் பத்தாண்டுக்கும் மேலானது. வீட்டில் அப்பாவுக்குக் கவலை. “கம்ப்யூட்டர் படித்திருந்தால் இந்நேரம் வீடு வாங்கியிருப்பாய்” என்பார். நீண்ட பாதைதான். ஆனால், எதற்காகப் போகிறேன் என்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை.

திண்ணையும் ஐந்தடிப் பாதையும்

நம் ஊர்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே திண்ணை இருந்தது. வழிப்போக்கர் இளைப்பாறினார், பிள்ளைகள் பாடம் படித்தார்கள், பெரியவர்கள் ஊர்க்கதை பேசினார்கள். வீட்டுக்காரர் தம் நிலத்தில் ஒரு பகுதியை ஊருக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. எல்லாத் திண்ணையிலும் எல்லாரும் உட்கார முடியவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சாதி பார்த்த திண்ணைகள் நிறைய. யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று கட்டடமும் சொல்லும்.

சிங்கப்பூரில் அதற்கு ஓர் உறவு உண்டு. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்னால் கூரையுடன் தொடர்ச்சியான நடைவழி இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க உதவிய அதுவே ஐந்தடிப் பாதை. மலாயில் காக்கி லீமா. நடக்கப் போட்ட வழியில் பிழைப்பும் நடந்தது. முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர், கிளி சோதிடர், பூக்கட்டுபவர் என்று சிராங்கூன் சாலையின் பாதி வாழ்க்கை அந்த ஐந்தடியில்தான்.

பிறகு அடுக்குமாடிகள் வந்தன. புளோக்கின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் திறந்துவிட்டார்கள். மலாய்த் திருமணமும் சீன இறுதிச் சடங்கும் நம் வீட்டுப் பிறந்தநாளும் மாறி மாறி அங்கே நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திண்ணை, ஐந்தடிப் பாதை, கீழ்த்தளம் மூன்றும் ஒரே குடும்பம் என்றே நான் நினைக்கிறேன். விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாத இடங்கள் என்பதால், செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்கப்படுவதும் இவற்றில்தான்.

லிட்டில் இந்தியாவின் ஞாயிறு

1989ஆம் ஆண்டு லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டு கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு இன்றும் பல வண்ணங்களில் நிற்கிறது. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை. இங்கே நடந்த கால்நடை வணிகத்தைச் சாலையின் பெயர் இன்னும் சொல்கிறது. கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தின் முகப்பு, இந்தியாவின் படிக்கிணறுகளை நினைவூட்டும் வகையில் வடிவமைக்கப்பட்டது. படிக்கிணறு தண்ணீருக்காக மட்டும் வெட்டப்பட்டதன்று. வெயில் நேரத்தில் மக்கள் படிகளில் உட்கார்ந்து இளைப்பாறிய இடமும்கூட.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பக்கம் போனால் வடிவமைப்பு பற்றி வகுப்பறையில் கற்காததைக் கற்கலாம். வெளிநாட்டு ஊழியர்கள் புல்வெளியிலும் சாலையோரக் கட்டையிலும் படிகளிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் இருக்கும் குழந்தையின் முகம் கைப்பேசித் திரையில் தெரியும். 2013ஆம் ஆண்டு நடந்த கலவரத்துக்குப் பிறகு, அவர்கள் கூடுவதையே ஒரு பிரச்சினையாகப் பார்க்கும் கண்களும் பெருகின. நான் காகிதத்தில் போடும் கோடுகளைக் கான்கிரீட் ஆக்குபவர்கள் அவர்கள். அவர்களுக்கு உட்கார இடம் தராமல், ‘மனிதரை மையமாக வைத்து’ என்று நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன்?

ஒரு கடைவீட்டுச் சீரமைப்பில் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. கடைக்கு முன்னால் ஆட்கள் உட்காருவதால், சன்னலின் கீழ்த்திட்டைச் சரிவாக மாற்றித் தரும்படி உரிமையாளர் கேட்டார். உட்காருபவர் தண்ணீர் வாங்குவார், டாப்-அப் கார்டு வாங்குவார் என்று வியாபாரக் கணக்காகவே பேசிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. வேலை வேறொருவர் கைக்குப் போனது. இன்று அந்தத் திட்டு சரிவாகத்தான் இருக்கிறது. ஆட்கள் தரையில் உட்காருகிறார்கள்.

இன்னொரு மூத்தோர் நிலையத்தில் பேச்சு எடுபட்டது. யாரும் படுத்துவிடக்கூடாது என்று நீள இருக்கையின் நடுவில் மட்டும் கம்பி போடச் சொன்னார்கள். அதே கம்பியை இரு ஓரங்களிலும் கைப்பிடியாக வைப்போம், முதியவர் ஊன்றி எழுந்திருக்க உதவும் என்றேன். இருக்கையின் உயரத்தை 45 சென்டிமீட்டராக வைத்தோம். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் எழ விடாது. செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆளைத் தடுக்கப் பிறந்த கம்பி, ஆளைத் தூக்கிவிடுகிறது.

அட்மிரல்டி காட்டும் வழி

பெரிய அளவிலும் இது முடியும் என்பதற்கு உட்லண்ட்சில் உள்ள ‘கம்போங் அட்மிரல்டி’ சாட்சி. ‘வோஹா’ நிறுவனம் வடிவமைத்த இந்த வளாகம், 2018ஆம் ஆண்டு உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. நிலம் ஏறத்தாழ 0.9 ஹெக்டர்தான். அதில் மூத்தோருக்கான 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம், மேலே தோட்டம் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார்கள். கீழே காற்றோட்டமான, கூரையுள்ள ஒரு பெரிய சதுக்கம்.

விருதைவிட என்னைக் கவர்ந்தது, மூத்தோர் நிலையத்தையும் பாலர் நிலையத்தையும் அருகருகே வைத்த யோசனை. பேரப்பிள்ளையை விட வரும் தாத்தா அங்கேயே தம் நண்பரைப் பார்க்கலாம். மருத்துவரைப் பார்க்க வரும் பாட்டி இறங்கி வந்து சாப்பிடலாம். தனிமையைக் குறைக்கச் சொற்பொழிவு வேண்டாம், ஆட்கள் ஒருவரை ஒருவர் கடந்து போகும்படி பாதை போட்டால் போதும்.

2030ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். அந்த ஒருவர் நம் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருப்பார். அதனால் இதைக் கட்டடக் கலைஞர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்த வார இறுதியில் வீட்டில் உள்ள பெரியவர்களுடன் தேக்கா வரை சென்று வாருங்கள். வேகத்தை அவர்களே முடிவு செய்யட்டும். எங்கே நிற்கிறார்கள், எதைப் பிடித்துக்கொள்கிறார்கள், எந்தப் படியில் தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் புளோக்கில் கைப்பிடியோ இருக்கையோ சாய்தளமோ தேவைப்பட்டால் நகர மன்றத்துக்கு எழுதுங்கள். சாய்தளம் கேட்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஓர் அடி உயரம் ஏற, குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். அதற்கு இடம் இல்லை என்று சொன்னால், ஒரு கார் நிறுத்துமிடத்தின் நீளம் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள்.