டாலரை மைசூருவில் அச்சடிக்க முடியுமா?

மைசூருவில் ரூபாய் நோட்டு அச்சடிக்கிறார்கள், தெரியுமா? ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான பாரதிய ரிசர்வ் வங்கி நோட்டு முத்ரண் நிறுவனத்தின் அச்சகம் அங்கே இருக்கிறது. நோட்டுக்கான தாளைத் தயாரிக்கும் ஆலையும் அதே ஊரில்தான். ஒரு நோட்டைத் தடவிப் பாருங்கள். உங்கள் பாடநோட்டின் தாள்போல் இருக்காது. பருத்தியில் செய்த தாள் அது. அதனால்தான் சட்டைப்பையில் மடங்கிக் கசங்கினாலும் சட்டென்று கிழிவதில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெற்றிடத்தில் காந்தியின் முகம் நீர்க்குறியாகத் தெரியும்.

"அச்சகமும் இருக்கு, தாளும் இருக்கு. அரசாங்கத்துக்குப் பணம் இல்லேன்னா அடிச்சுக்க வேண்டியதுதானே?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். மிக நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு சோதனை செய்து விடை காண்போம்.

பத்து துண்டு மைசூர்பாகு எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்து காகிதச் சீட்டு கொடுத்து, துண்டுகளை ஏலம் விடுங்கள். எத்தனை சீட்டுக்குப் போனது என்று குறித்துவையுங்கள். மறுநாள் அதே பத்து துண்டு. ஆனால் ஆளுக்கு முப்பது சீட்டு. இப்போது ஏலத்தொகை எகிறும். சீட்டு மூன்று மடங்கானது. மைசூர்பாகு ஒரு துண்டுகூடக் கூடவில்லையே! பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலை ஏறும். இதுவே பணவீக்கம்.

இது நிஜமாகவே நடந்தது, நம் பக்கத்து நாடான இலங்கையில். கொரோனாவால் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை; அவர்களால் கிடைக்கும் டாலரும் வரவில்லை. 2019இல் வரிகளைக் குறைத்ததால் அரசின் வருமானம் சரிந்தது. 2021இல் ரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டதால் நெல் விளைச்சல் குறைந்தது. செலவைச் சமாளிக்க மத்திய வங்கி ரூபாயை ஏராளமாக வெளியிட்டது. ஆனால் பெட்ரோல், சமையல் எரிவாயு, மருந்து, பால்மா எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றுக்கு டாலர் வேண்டும். டாலரை இலங்கையில் அச்சடிக்க முடியாது, மைசூருவிலும் முடியாது. 2022 மார்ச்சில், அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வே தள்ளிப்போனது. அந்தச் செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 70 விழுக்காடு கூடியிருந்தது. நூறு ரூபாய்ப் பொருள் நூற்றெழுபது ரூபாய்!

அரசு என்ன செய்தது? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தியது. வட்டி கூடினால் கடன் வாங்குவது குறையும், சேமிப்பு கூடும், விலையேற்றம் தணியும். சில நாளில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மிச்சமிருந்த டாலர் அத்தியாவசியப் பொருளுக்குப் போனது. வாரத்துக்கு இவ்வளவு பெட்ரோல் என்று வண்டிகளுக்குக் கியூஆர் அட்டை தந்தது. வரிகளை உயர்த்தியது. இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாடு அரிசி, பால்மா, மருந்து அனுப்பியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது.

நம் நாடும் இப்படித் தவித்ததுண்டு. 1991இல் இந்தியாவின் கையிருப்பு டாலர் சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. அப்போது 46.91 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் திரட்டினார்கள். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள். அதனால் நம் பொருள் வெளிநாட்டாருக்கு மலிவானது; ஏற்றுமதிக்கு வழி பிறந்தது. அதே மாதம் 24ஆம் தேதி நிதியமைச்சர் மன்மோகன் சிங் பட்ஜெட் தாக்கல் செய்தார்; அன்றே வெளியான புதிய தொழில் கொள்கை, தொழில் தொடங்க இருந்த தடைகளைத் தளர்த்தியது. அடகு வைத்த தங்கம் அந்த ஆண்டே மீட்கப்பட்டது.

ஆனால் இந்த மருந்துகள் கசப்பானவை. வரி கூடினால் ஏழைகளின் தட்டில்தான் முதலில் சோறு குறையும். இலங்கையில் 2023 செப்டம்பரில் பணவீக்கம் 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அதற்காக விலை பழையபடி இறங்கிவிடவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏழைக் குடும்பங்களின் சுமையைக் குறைக்க, 'அஸ்வெசும' என்ற திட்டத்தில் அரசு அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாடு மீண்டுவிட்டதா என்று அறிய டாலர் கையிருப்பை மட்டும் எண்ணினால் போதாது. வறுமையால் படிப்பை விட்ட பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்களா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.