லித்தியம் பாட்டரியின் காவல் மின்சுற்று: பழுதறியும் முறை

முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் தெளிப்பான்களில் 12 வோல்ட் ஈயப் பாட்டரி பெரிதும் வழங்கி வருகிறது. அது தேய்ந்தபின், எடைக் குறைவையும் நீடித்த உழைப்பையும் கருதி, விவசாயிகள் சிலர் அதன் ஸ்தானத்தில் லித்தியம் பாட்டரியை வைத்துக்கொள்கின்றனர். பாட்டரியை மாற்றுவோருள் சிலர் பழைய சார்ஜரை மாற்றுவதில்லை. அதற்குப் பதிலாக, அழுத்தம் மிகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு காவல் மின்சுற்று ஒன்றை உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்துப் பொருத்துகின்றனர். இச்சுற்றைச் சோதியாமல் நம்புவது பெரும் நஷ்டத்துக்கு இடமாகும்.

லித்தியம் அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ளது. அதன் சாதாரண வகையில் ஒரு கலத்தின் உச்ச அழுத்தம் 4.2 வோல்ட். மூன்று கலங்கள் வரிசையாகக் கோத்த பாட்டரிக்கு 12.6 வோல்ட் எல்லையாகும். ஈயப் பாட்டரியின் சார்ஜரோ 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றும். அதைத் தடையின்றிக் கொடுத்தால் ஒவ்வொரு கலத்துக்கும் 4.8 வோல்ட் விழும். அவ்வளவில் கலத்தின் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். வாயு உண்டாகி உறை உப்பும். சூடு மிகுந்து தானே தீப்பற்றவும் கூடும். வைக்கோற்போருக்கும் விதைக் குதிருக்கும் அருகில் இவ்வாறு நேரின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

உள்ளூரில் செய்யப்படும் சுற்றுக்களுள் ஒரு வகையின் அமைப்பு வருமாறு. டி.எல். 431 என்னும் சிறு உறுப்பு, தன் ரெபரன்ஸ் முனையில் ஏறக்குறைய 2.5 வோல்ட் வந்ததும் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு ரெஸிஸ்டர்கள் பாட்டரியின் அழுத்தத்தைப் பங்கிட்டு அம்முனைக்குத் தருகின்றன. அது கடத்தியதும் ஒரு டிரான்ஸிஸ்டர் வேலை செய்து, சார்ஜருக்கும் பாட்டரிக்கும் நடுவிலுள்ள பி-வகை மாஸ்பெட்டை அடைத்துவிடுகிறது.

சோதனையைப் பாட்டரியை வைத்துக்கொண்டு செய்தல் ஆகாது. பட்டறைகளில் உள்ள, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையைச் சார்ஜரின் இடத்திலும், 100 ஓம், 5 வாட் ரெஸிஸ்டர் ஒன்றைப் பாட்டரியின் இடத்திலும் இணைக்க வேண்டும். அழுத்தத்தைக் கண்காணிக்கும் கம்பியைக் கழற்றிச் சப்ளையின் நேர்முனையில் சேர்க்க வேண்டும். இல்லாவிடில், துண்டித்தவுடன் வெளிமுனையின் அழுத்தம் பூஜ்யமாகி, சுற்று மீண்டும் மீண்டும் திறந்து மூடி ஏமாற்றும். ஓட்டத்தை 200 மில்லி ஆம்பியருக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தி, 11 வோல்ட்டிலிருந்து மெல்ல உயர்த்தி, துண்டிக்கும் அளவைக் குறித்துக்கொள்க. மல்டிமீட்டரின் உட்பாட்டரி தளர்ந்திருந்தால் அளவு தவறாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

சோதனையில் வெளிப்படும் குறைகளும் பரிகாரங்களும் பின்வருவன:

1. துண்டிக்காமலே இருத்தல். மாஸ்பெட் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம். அதன் உள்ளே இயற்கையாக அமைந்த டயோடு, கேட் அடைத்திருந்தாலும் மின்சாரத்தை விட்டுவிடும். மாஸ்பெட்டின் இரு புறமும் 0.6 அல்லது 0.7 வோல்ட் வித்தியாசம் காணப்பட்டால் இக்குறையே என்று கொள்ளலாம். ஸோர்ஸ் முனை சார்ஜர் பக்கம் இருத்தல் வேண்டும். கண்காணிக்கும் கம்பி அறுந்திருந்தாலும் சுற்று துண்டிக்காது.

2. தவறான அளவில் துண்டித்தல். பங்கிடும் ரெஸிஸ்டர்கள் 40,500 ஓமும் 10,000 ஓமும் ஆயின் 12.6 வோல்ட்டில் துண்டிக்க வேண்டும். ஆனால் நூற்றுக்கு 5 பங்கு பிழையுள்ள ரெஸிஸ்டர்களானால் அவ்வளவு 11.6 முதல் 13.7 வோல்ட் வரை மாறக்கூடும். நூற்றுக்கு 1 பங்கு பிழையுள்ளவற்றிலும் 12.4 முதல் 12.8 வரை வேறுபாடு உண்டு. ஆகையால் சிறிய மாற்று ரெஸிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, சோதித்தே சரிசெய்தல் வேண்டும்.

3. முன்னதாகவே துண்டித்தல். டி.எல். 431 கடத்தாத நிலையிலும் அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியருக்குக் குறைவான சிறு ஓட்டம் இருக்கும். அது டிரான்ஸிஸ்டரை இயக்காதபடி, பேஸ் முனைக்கும் எமிட்டர் முனைக்கும் இடையே சில நூறு ஓம் ரெஸிஸ்டர் வைக்க வேண்டும். சோதனையில் சரியாயிருந்து, பாட்டரியில் பொருத்தியபின் முந்தித் துண்டித்தால், கண்காணிக்கும் கம்பி பாட்டரியின் முனையிலேயே இணைந்துள்ளதா என்று பார்க்க. மெல்லிய கம்பியின் தடை 0.1 ஓம் ஆயினும், 2 ஆம்பியர் ஓடுங்கால் 0.2 வோல்ட் பிழை விளையும்.

4. விட்டு விட்டுத் துடித்தல். மின்சாரம் நின்றதும் பாட்டரியின் அழுத்தம் சற்றுத் தாழ்வதால் சுற்று மறுபடி திறந்துகொள்கிறது. கேட் முனையிலிருந்து ரெபரன்ஸ் முனைக்கு 10 லட்சம் ஓம் ரெஸிஸ்டர் ஒன்றை இணைத்தால், சுமார் அரை வோல்ட் இறங்கும் வரை சுற்று மூடியே இருக்கும். இதனால் துண்டிக்கும் அளவு 0.1 வோல்ட் உயருமாதலால் மறுபடி சோதித்தல் அவசியம்.

இக்குறைகள் யாவும் நீங்கிய பின்னரும் பெரிய அபாயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. இச்சுற்று மொத்த அழுத்தத்தையே காண்கிறதேயன்றித் தனித்தனிக் கலத்தைக் காண்பதில்லை. மூன்று கலங்கள் 4.35, 4.15, 4.10 வோல்ட் என்று இருப்பினும் கூட்டுத்தொகை 12.6 தான். சுற்று பிழையின்றி இருந்தும், முதற்கலம் எல்லையைக் கடந்துவிட்டது. ஆகவே சார்ஜ் முடியும் தறுவாயில் ஒவ்வொரு கலத்தையும் தனியே அளந்து பார்த்தல் இன்றியமையாதது. ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டுமாயின் சார்ஜை உடனே நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் ஆயத்தப் பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. அத்தகைய பலகை ஒன்றையும், 12.6 வோல்ட்டில் தானே நிற்கும் லித்தியம் சார்ஜரையும் வாங்குவதே முறை. காவல் சுற்று கடைசித் தடுப்பே யாகும். தினந்தோறும் எல்லையைக் காக்க வேண்டியது சார்ஜரேயாகும். உப்பிய பாட்டரியைச் சார்ஜ் செய்யவோ குத்தவோ கூடாது. எந்தப் பாட்டரியையும் சிமெண்டுத் தரையில், வைக்கோலுக்கு எட்டத்தில், பகலில் ஆள் பார்வையில் வைத்தே சார்ஜ் செய்தல் வேண்டும். தீப்பற்றினால் முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, புகையைச் சுவாசியாமல் விலகி நின்று, மிகுதியான தண்ணீரை விட்டுக் குளிரச் செய்க. கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைத் தெளிப்பான் வைத்திருப்போர்க்கு எடுத்துரைப்பாராயின், குடிகளின் வீடும் தானியமும் காப்பாற்றப்படும்.