பத்து மில்லிமீட்டர் பலகை!

ஃபார்முலா ஒன் கார் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கார்பன் ஃபைபர் உடம்பு, கம்ப்யூட்டர் மூளை, மயக்கம் போட வைக்கும் விலை. அப்பேர்ப்பட்ட காரின் வயிற்றுக்கு அடியில் ஒரு மரப்பலகையை மாட்டி ஓட்ட வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அதுவும் பாதி சீஸனில்!

வருஷம் 1994. அதுவரை காரைத் தரையோடு சமமாகப் பிடித்து வைத்திருந்த ஆக்டிவ் சஸ்பென்ஷன், சக்கரம் வழுக்காமல் காத்த டிராக்ஷன் கன்ட்ரோல் போன்ற எலெக்ட்ரானிக் சமாசாரங்களுக்கு அந்த ஆண்டு தொடக்கத்தில் தடை. 'டிரைவர் திறமைதான் ஜெயிக்கணும்' என்பது வாதம். நல்ல வாதம்தான். ஆனால் கார்கள் முரட்டுக் குதிரைகளாகிவிட்டன.

மூன்றாவது பந்தயம், இத்தாலியில் உள்ள இமோலா. வெள்ளிக்கிழமை பாரிகெல்லோ வேலியில் மோதி, உயிர் பிழைத்தார். சனிக்கிழமை ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்ஸன்பர்கர் முன் இறக்கை உடைந்து, சுவரில் மோதி இறந்தார். ஃபார்முலா ஒன்னுக்கு வந்து அது அவருடைய மூன்றாவது பந்தய வாரம்தான். ஞாயிறு, மே 1... அயர்டன் சென்னா. ஜெயித்தால் அசைத்துக் காட்ட, சென்னா தன் காருக்குள் ஒரு ஆஸ்திரியக் கொடி வைத்திருந்தார். ராட்ஸன்பர்கருக்காக. அது அசையவே இல்லை.

பன்னிரண்டு வருஷமாகப் பந்தய வாரத்தில் ஒரு சாவுகூட இல்லாமல், 'கார்கள் பத்திரமாகிவிட்டன' என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இரண்டே நாளில் அந்த நிம்மதி போயிற்று. அடுத்த பந்தயம் மொனாக்கோ. அங்கே பயிற்சியிலேயே வெண்ட்லிங்கர் அடிபட்டு கோமாவுக்குப் போனார். உலக மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி பொறுக்கவில்லை. 'விதிகளை மாத்தறோம். இப்பவே!' என்று அறிவித்துவிட்டார். முதல் கட்டம் ஸ்பெயின் பந்தயத்திலிருந்து, அதாவது இமோலா முடிந்து சரியாக நான்கே வாரத்தில்.

மோட்டார் பைத்தியமான என் மச்சினனிடம் இதைச் சொன்னேன். "அநியாயம் மாமா! பாதி மேட்ச்சுல ஸ்டம்ப்பை நகத்தி வெச்சா ஒத்துப்பீங்களா?" என்றான்.

அன்றைக்கு அணிகளும் இதைத்தான் கேட்டன. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. புதிய விதிக்காக அவசர அவசரமாக மாற்றிய லோட்டஸ் காரை சில்வர்ஸ்டோனில் சோதித்துப் பார்த்தபோது பின் இறக்கை கழன்றது. கார் பறந்து விழுந்து, டிரைவர் பெட்ரோ லாமிக்குக் கால்கள் முறிந்தன. உயிரைக் காப்பாற்ற வந்த விதியே ஆளை முடக்கினால்? ஸ்பெயினில் சில அணிகள் வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சிக்கு வரவே மறுத்தன.

இருந்தாலும் மாற்றங்கள் நிற்கவில்லை. ஜூலை 31, ஜெர்மனி. அந்த ஆண்டின் ஒன்பதாவது பந்தயம். அங்கேதான் நம்ம பலகை அறிமுகம்!

நான் பி.காம். ஏரோடைனமிக்ஸை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பந்தயக் கார் என்பது தலைகீழாகப் போட்ட விமான இறக்கை. அடியில் பாயும் காற்று காரைக் கீழ்நோக்கி உறிஞ்சிப் பிடிக்கும். கார் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு பிடி. வளைவில் அவ்வளவு வேகம். ஆனால் அடிப்பாகம் ரொம்பத் தாழ்ந்து தரையில் தட்டினால் காற்றோட்டம் தடைபடும், பிடி சட்டென்று விட்டுப்போகும். அப்புறம் கார் போகிற இடம் கடவுளுக்கே வெளிச்சம். அதனால் 10 மி.மீ. பலகையை அடியில் மாட்டு, பந்தயம் முடிந்ததும் அளப்போம், 1 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் நீ அவுட். எங்கள் பாஷையில் சொன்னால் ஆடிட்!

அடுத்த மாதமே ஆடிட்டில் மாட்டியவர் சாதாரண ஆள் இல்லை, மைக்கேல் ஷூமேக்கர். பெல்ஜியத்தில் முதலாவதாக வந்தார். பலகையை அளந்தார்கள். அளவுக்கு மேல் தேய்ந்திருந்தது. 'கார் சுழன்று ஓரக்கல்லில் உரசியதால் தேய்ந்தது' என்றது பெனட்டன் அணி. எடுபடவில்லை. வெற்றி டேமன் ஹில்லுக்குப் போயிற்று. அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தை ஷூமேக்கர் ஜெயித்தது 92-க்கு 91, ஒரே ஒரு பாயிண்ட்டில்!

பலகை இன்றும் இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஹாமில்டனும் லெக்லெர்க்கும் இதே தேய்மானக் கணக்கில் தகுதி இழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு புது வகைக் கார்கள் ஓட்டத்தில் தவளை மாதிரி குதித்தன. பாகூ பந்தயம் முடிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு காரை விட்டு இறங்கவே திணறினார் ஹாமில்டன். மறுபடியும் பாதி சீஸனில் உத்தரவு: குலுக்கலுக்கு உச்ச வரம்பு! மறுபடியும் அணிகளின் முணுமுணுப்பு!

மச்சினன் கேள்விக்கு என் பதில் இதுதான். ஸ்டம்ப்பை நகர்த்தக் கூடாது, சரி. ஆனால் பிட்ச்சில் குழி விழுந்து ஆட்டக்காரர் செத்தால், சீஸன் முடியட்டும் என்று காத்திருக்க முடியுமா? அவசர விதியால் லாமிக்குக் கால் முறிந்தது நிஜம். அதனால், மாற்றுகிறவர்கள் சோதித்துப் பார்த்து மாற்றட்டும். மாற்றவே கூடாது என்பது வேறு பேச்சு.

1994-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அடிபட்டு இறந்த டிரைவர் ஒரே ஒருவர்தான். ஜூல்ஸ் பியாங்கி. 2014-ல் ஜப்பானில் விபத்து, மறு ஆண்டு மரணம். 2018-ல் தலைக்கு மேல் 'ஹேலோ' என்ற வளையம் வந்தபோது, 'கார் அசிங்கமா இருக்கு' என்று முகம் சுளித்தார்கள். 2020-ல் பஹ்ரைனில் இரும்பு வேலியைப் பிளந்துகொண்டு போய் எரிந்த காரிலிருந்து ரொமெயின் க்ரோஷான் நடந்து வெளியே வந்தார். அந்த வளையம் இல்லாவிட்டால் வந்திருக்க முடியாது என்று அவரே சொன்னார்.

அசிங்கமாவது, அழகாவது... ஆள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாரே சார்!