வெட்டி ஒட்டிய ஓவியம்

இதழ்ப் படங்களை வெட்டி, ஒரே தாளில் ஒட்டிப் புதிய படம் ஆக்குவது ஒட்டுப்படக்கலை ஆகும். இதனைக் கொலாஜ் என்றும் கூறுவர். இக்கலையில் சிறந்து விளங்கியவர் எடுவார்டோ பவுலோட்ஸி.

இவர் 1924ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் லீத் பகுதியில் பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறிய இவருடைய பெற்றோர் அங்கு ஐஸ்கிரீம் கடை நடத்தினர். படங்களை வெட்டி ஏடுகளில் ஒட்டிவைப்பது இவரது இளமைப் பழக்கம்.

1940இல் இத்தாலி பிரிட்டன்மீது போர் தொடுத்தது. அங்கு வாழ்ந்த இத்தாலியர் பலர் பகைவராகக் கருதப்பட்டுக் கைதாயினர். பதினாறு வயதுப் பவுலோட்ஸியும் சிறைப்பட்டார். அவருடைய தந்தையும் தாத்தாவும் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சென்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தகர்த்தது, இருவரும் உயிரிழந்தனர்.

போருக்குப்பின் பவுலோட்ஸி பாரிஸ் சென்றார். அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் பெற்ற இதழ்களை வெட்டி ஒட்டினார். 1947ஆம் ஆண்டு ஒட்டுப்படம் ஒன்றில், விளம்பரப் புட்டியும் போர் விமானமும் அருகருகே உள்ளன. கைத்துப்பாக்கியிலிருந்து எழும் வெண்புகைக்குள் 'பாப்!' என்னும் சொல் உள்ளது. ஒலியை எழுத்தாகக் காட்டும் இம்முறை படக்கதைகளுக்கு உரியது. 'பாப் கலை' என்னும் பெயர் பரவுமுன்பே அச்சொல் இவர் படத்தில் இடம்பெற்றுவிட்டது.

பின்னாளில் இலண்டன் டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலத்தடி இரயில் நிலையச் சுவர்களை வண்ணச் சில்லுகளால் அழகுபடுத்தினார். பிறர் எறியும் தாளிலும் கலை உண்டு என்பதை அவர் காட்டினார்.

சிந்திக்க: உங்கள் வீட்டுப் பழைய இதழ்களில் எப்படங்களை அருகருகே ஒட்டுவீர்கள்? ஏன்?